வீசிங்குக்குக் கடை மாத்திரை, நின்றுபோன உயரம்: ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், பெரும்பாலும் மண்டபம் பக்கம் தங்கிவிடுவார். அம்மா கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போகிறார், அப்பத்தா இன்னமும் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறவர். பிள்ளைகள் இரண்டு: நாலாம் வகுப்புப் படிக்கும் ஒன்பது வயதுப் பையன், ஏழு வயதுத் தங்கை.

பையனுக்கு மூன்று வயதிலிருந்தே இளைப்பு, அதாவது வீசிங், உண்டு. ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம், அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் நிறைய. மூட்டம் புகையும் நாட்களில் காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் அன்று ராத்திரி இவனுக்கு நெஞ்சு இழுக்கும். வீட்டில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது, ஆனால் அது டீ போடவும் விருந்தாளி வந்தால் சமைக்கவும்தான். சோறும் குழம்பும் விறகடுப்பில்.

ஆரம்பத்தில் இழுக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், அங்கே ஆவி பிடித்து அனுப்புவார்கள். அப்புறம் பக்கத்து ஊர் மருந்துக்கடையில் "வீசிங்குக்கு செட்" என்று கேட்டால் மூன்று வேளைக்கும் பொட்டலம் போட்டுக் கொடுத்தது பழக்கமாகிவிட்டது. போட்ட ஒரு மணி, ரெண்டு மணி நேரத்தில் பையன் எழுந்து விளையாடப் போய்விடுவான். பஸ் செலவு இல்லை, ஒரு நாள் கூலி போகாது. அம்மா வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருக்கும் அப்பத்தாதான் மாத்திரை கொடுப்பார். ஏழு வயதை நெருங்கும்போது, இழுத்தால் மட்டும் என்றிருந்தது தினமும் என்றாகிவிட்டது. ஏனென்றால் நிறுத்தினால் இழுத்தது.

எதற்காக வந்தார்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் அப்பா வீட்டில் இருந்தார். அப்படி இருந்தபோதுதான் தங்கச்சியும் அண்ணனும் பக்கத்தில் நின்றால் ஒரே உயரம் என்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளைகள் கேலி பேசுகிறார்கள் என்று பையனே சொல்லியிருக்கிறான். "சத்துக் குறைவா இருக்கும் டாக்டரம்மா, நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க" என்று கேட்டுத்தான் வந்தார்கள். வீசிங் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அது தீர்ந்துபோன பிரச்சினை.

பார்த்ததும் அளந்ததும்

உயரம் 116 செ.மீ., எடை 31 கிலோ. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சாப்பாடு போதாத பிள்ளைக்கு முதலில் எடை குறையும், உயரம் பிறகுதான் பின்தங்கும். இங்கே உயரம் நின்றிருக்கிறது, எடையோ ஏறியிருக்கிறது. இப்படி வந்தால் சத்துக் குறைவை ஓரமாக வைத்துவிட்டு ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, கார்ட்டிசோல் (சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) மிகுதி, இந்த மூன்றும்தான் முதலில் மனதில் வந்தன.

முகம் உருண்டு, கன்னம் உப்பி, கன்னத்தோரம் மெல்லிய ரோமம் இருந்தது. வயிறு முன்தள்ளி, கை கால் மெலிந்திருந்தன. ரத்த அழுத்தம் வயதுக்குக் கொஞ்சம் கூடுதல். பிடரிக்குக் கீழே கொழுப்பு திரண்டிருந்தது. அம்மாவுக்கோ பையன் "புஷ்டியா" இருப்பதில் சந்தோஷம், அதில் அவர் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு தடவை அளந்த உயரம் ஒரு புள்ளிதான், கோடு வரைய இன்னும் புள்ளிகள் வேண்டும். அங்கன்வாடி அட்டையையும் பள்ளிக்கூடப் பதிவையும் அப்பாவே போய் வாங்கிவந்தார். 5 வயதில் 105, 6 வயதில் 110.5, 7 வயதில் 114, 8 வயதில் 115, இப்போது 116. பள்ளிச்சுவரில் பெயிண்டால் கோடு போட்டு அளந்தது, ஒரு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம், அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கதை மாறவில்லை. பருவமடைவதற்கு முந்தைய வயதில் ஒரு பிள்ளை வருடத்துக்கு ஏறத்தாழ 5, 6 செ.மீ. வளர வேண்டும். இவன் ஆறு வயது வரை அப்படித்தான் வளர்ந்திருக்கிறான். கடைசி இரண்டு வருடத்தில் மொத்தமே 2 செ.மீ. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தில் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது, கடைசிக் கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

கோடு எந்த வயதில் படுத்ததோ அந்த வயதில் என்ன மாறியது என்று கேட்டேன். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுமுறை அப்பத்தாவையும் கூட்டிவரச் சொன்னேன், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, பொட்டலம் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். அலர்ஜி மாத்திரை ஒன்று, மூச்சுக்குழாயை விரிக்கும் மாத்திரை ஒன்று, அப்புறம் ஒரு சின்ன மாத்திரை: பீட்டாமெத்தசோன் 0.5 மில்லிகிராம், கார்ட்டிசோலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மூட்டம் போடும் நாளில் இன்னொன்று.

"இதக் குடுத்தாத்தான் பிள்ள ஓடியாடுது, நிறுத்துனா மறுநாளே இழுத்துக்கிட்டுப் படுத்துக்கெடக்கு, நா என்ன செய்ய?" என்றார் அப்பத்தா. "நீங்க குடுத்தது வீணாப் போகல ஆத்தா, அது அவன் மூச்சைக் காப்பாத்துச்சு, ஆனா வேற ஒண்ணைப் பிடிச்சு வச்சிருச்சு" என்று சொன்னேன். அதை அவர் கையைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அப்பா அந்த நேரத்தில் அவரைப் பார்த்த பார்வை அப்படி.

கணக்கைச் சொல்கிறேன். 0.5 மி.கி. பீட்டாமெத்தசோன் ஏறக்குறைய 4 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டுக்குச் சமம். இரண்டு மாத்திரை என்றால் 8, கார்ட்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் கணக்கில் சுமார் 32 மி.கி. இந்தப் பையனின் உடல் பரப்பு ஒரு சதுர மீட்டர், அந்த அளவுள்ள உடம்பு தானாக ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்ட்டிசோல் 7, 8 மி.கி. சுமார். அதாவது இயல்பைப் போல நாலு மடங்கு, தினமும், இரண்டு வருடமாக. அதிலும் இந்த நீண்டநேரம் வேலை செய்யும் வகை மருந்துகளுக்கு வளர்ச்சியை அடக்கும் வலிமை, அழற்சியை அடக்கும் வலிமையை வைத்துப் போடும் இந்தக் கணக்கையும் மிஞ்சும்.

இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஆறரை, அதாவது எலும்பின் முதிர்ச்சி ஆறரை வயதுப் பிள்ளைக்கு உள்ள அளவுதான். தைராய்டு சரியாக இருந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அடையாளம் இல்லை (நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த பிள்ளைக்கு இதைப் பார்க்காமல் விடக்கூடாது), கண்ணில் புரை விழவில்லை, சர்க்கரை இயல்பு. காலை கார்ட்டிசோல் 1 மைக்ரோகிராமுக்கும் கீழே. அட்ரினல் சுரப்பி ஏறக்குறைய உறங்கிவிட்டது.

வளர்ச்சித் தட்டுக்குள் நடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன.

பிள்ளைகளின் நீள எலும்பு, முனைக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய குருத்தெலும்புத் தட்டிலிருந்துதான் நீளுகிறது. அந்தத் தட்டில் மூன்று அடுக்கு. மேலே இருப்பு செல்கள், அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக் கட்டிப் பெருகும் செல்கள், கடைசியில் பல மடங்கு உப்பிப் பெரிதாகும் செல்கள். உப்பிய செல்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படியும், ரத்தக்குழாய் உள்ளே நுழையும், அந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும். செல் பெருகுவதும் உப்புவதும்தான் உயரம்.

கார்ட்டிசோல் வகை ஸ்டீராய்டு அதிகமானால் இந்த வரிசையில் எல்லா இடத்திலும் கை வைக்கிறது. பெருகும் செல்களின் வேகம் குறைகிறது. செல்களைச் சுற்றியுள்ள கொலாஜனும் மற்ற பொருட்களும் உற்பத்தியாவது குறைகிறது. தட்டிலேயே சுரந்து செல்களை உசுப்பும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைகிறது, வளர்ச்சி ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் குறைகின்றன. உப்பும் நிலையில் உள்ள செல்கள் சில தானாகவே மடிகின்றன. ரத்தக்குழாயை உள்ளே இழுக்கும் சமிக்ஞையும் மங்குகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளைக்கு டானிக், பவுடர், புரதம் என்று எதை ஊட்டினாலும் உயரம் அசையாது, அடைப்பு வயிற்றில் இல்லை, தட்டில் இருக்கிறது.

ஆனால் இந்தச் செல்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு உண்மை இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் உள்ள இருப்பு செல்கள் எத்தனை முறை பெருகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. வயது ஏற ஏற வளர்ச்சி மெதுவாவது அந்த இருப்பு செலவாவதால்தான். ஸ்டீராய்டு பெருகுவதைத் தடுக்கும்போது செலவையும் தடுக்கிறது. மருந்து விலகினால் அந்தத் தட்டு பிள்ளையின் வயதைவிட இளையதாக நிற்கும், வேகமாக வளரும். 1994இல் வெளியான முயல் ஆய்வு ஒன்றில் ஒரு காலின் தட்டுக்குள் மட்டும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினார்கள். அந்தத் தட்டு மட்டும் மெதுவானது, நிறுத்தியபின் அந்தத் தட்டு மட்டுமே வேகம் பிடித்தது. மூளையோ ரத்தத்தில் ஓடும் ஹார்மோனோ இதைத் தீர்மானிப்பதாக இருந்தால் இரண்டு கால்களும் ஒன்றாக நடந்துகொண்டிருக்க வேண்டும். எட்டிப்பிடிக்கும் திறன் அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

எலும்பு வயது ஆறரை என்ற எண்ணைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டது இதனால்தான்.

இன்னொரு ஸ்டீராய்டு ஹார்மோன் நேர் எதிராக வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் அந்த இருப்பைச் சீக்கிரம் செலவழிக்க வைத்துத் தட்டை மூடச் செய்கிறது, பெண்ணுக்கு மட்டுமல்ல ஆணுக்கும். அதே 1994இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வந்தது. 204 செ.மீ. உயரம், எலும்பு வயது 15, தட்டுகள் மூடவே இல்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரந்தும் பயனில்லை, ஆணின் உடம்பிலும் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் தட்டை மூடுகிறது. ஆக, இவனுக்கு நேரம் உண்டு, ஆனால் பருவமடையும் வரைதான் உண்டு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மாத்திரையை அன்றே நிறுத்துவதில்லை. "இன்னைக்கே தூக்கிக் கடல்ல போடுறேன்" என்று அப்பா எழுந்துவிட்டார். சுரப்பி உறங்கிக் கிடக்கும்போது வெளி ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால், ஒரு காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்து உயிருக்கே ஆபத்து. வேறு எதைச் சொல்லாமல் விட்டாலும் இதை அவரிடம் இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது, வீசிங்கை முதலில் பிடிக்க வேண்டும். அதைக் கட்டுப்படுத்தாமல் மாத்திரையைக் குறைத்தால் அப்பத்தா மறுபடி கடைக்குத்தான் போவார், போக வேண்டியிருக்கும். ஸ்பேசர் (மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் குழாய்) வைத்து பியூடெசோனைடு பஃப் ஆரம்பித்து, இரண்டு வாரம் மூச்சு சீராக இருப்பதைப் பார்த்த பிறகே மாத்திரையில் கை வைத்தோம். இங்கே அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி: "பஃப்லயும் ஸ்டீராய்டுதானே இருக்கு, அப்ப உயரம்?" ஆமாம், இருக்கிறது. ஆனால் மைக்ரோகிராமில், நேராக நுரையீரலுக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வருடம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், தினமும் 400 மைக்ரோகிராம் பியூடெசோனைடு இழுத்தவர்கள் பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ.தான் குறைவு. அதை மறைக்காமல் சொன்னேன். இரண்டு வருடத்தில் போன உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர்களே சம்மதித்தார்கள். மூச்சு கட்டுக்குள் இருக்கும் மிகக் குறைந்த அளவுக்கு பஃபை இறக்குவது என்றும் முடிவானது.

மூன்றாவது, மதுரையில் உள்ள ஹார்மோன் மருத்துவரிடம் போனில் பேசி, பீட்டாமெத்தசோனை காலையில் ஒரே வேளை பிரெட்னிசோலோனாக மாற்றி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் உடம்பு தானாகச் சுரக்கும் அளவை ஒட்டி ஹைட்ரோகார்ட்டிசோனில் கொண்டுவந்து நிறுத்தினோம். கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்தோம், எலும்பின் பலமும் இதில் குறைகிறது.

நாலாவது ஒரு அட்டை. தமிழில், பெரிய எழுத்தில்: இந்தப் பிள்ளை ஸ்டீராய்டு எடுத்தவன், காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை மூன்று மடங்கு, வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ உடனே 50 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. ஒரு பிரதி வீட்டில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

கரிமூட்டத்தை நாங்கள் நிறுத்த முடியாது, பலருக்கு அது பிழைப்பு. மூட்டம் போடுகிறவர் சொந்தக்காரர்தான் என்பதால், தீ மூட்டும் நாளை முன்கூட்டிச் சொல்லிவிடுவார், அன்று ராத்திரி பையன் அத்தை வீட்டில் தூங்குவான் என்று ஏற்பாடு. விறகடுப்பை வீட்டுக்கு வெளியே மாற்றினார்கள்.

அப்புறம் நடந்தது

முதல் சில வாரம் கடினம். மாத்திரை குறையக் குறையப் பையனுக்கு மூட்டு வலி, சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு. ஓடியாடிய பிள்ளை திண்ணையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து அப்பத்தா அழுதார். இது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் கடைக்குப் போகாமல் எனக்குப் போன் வந்தது. ஒரு படி பின்னால் போய், இன்னும் மெதுவாக இறங்கினோம்.

ஐந்தாம் மாதம் ஒரு ராத்திரி காய்ச்சலும் வாந்தியும். அப்பா கடலில். அம்மா அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் போனார், பணியில் இருந்த நர்ஸ் அட்டையைப் படித்துவிட்டு, மருத்துவரிடம் போனில் கேட்டு ஊசி போட்டார், விடியும்போது பையன் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். அந்த நர்ஸுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உயரம் உடனே ஏறவில்லை. முதல் ஆறு மாதத்தில் 2 செ.மீ. அந்த நேரத்தில்தான் உறவினர் ஒருவர், ஜிம்மில் தெரிந்த ஆள் இருக்கிறார், ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் மளமளவென்று வளருவான் என்று சொல்லியிருக்கிறார். அப்பா என்னிடம் கேட்க வந்தது பெரிய விஷயம். சில மாதம் வேகமாக வளருவான், அது உண்மை. ஆனால் அந்த ஹார்மோன் உடம்பில் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறி, இத்தனை நாள் தப்பித்து நிற்கும் தட்டை முன்கூட்டியே மூடிவிடும், கடைசி உயரம் இன்னும் குறையும் என்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்புக்கு நடுவே தெரியும் கறுப்புக் கோட்டைக் காட்டி விளக்கினேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

ஒன்பதாம் மாதம் காலை கார்ட்டிசோல் 12, சுரப்பி விழித்துவிட்டது. ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்தினோம், அட்டையை மட்டும் மேலும் பல மாதம் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். முதல் அரை வருடத்துக்கு அடுத்த ஒரு வருடத்தில் 9 செ.மீ. வளர்ந்தான். அதற்கடுத்த ஆறு மாதத்தில் 4. பதினோரு வயதில் 131 செ.மீ., 30 கிலோ. இரண்டு வருடத்தில் உயரம் 15 செ.மீ. ஏறியிருக்கிறது, எடை ஏறவே இல்லை. முகம் பழைய முகமாகிவிட்டது. வரைபடத்தின் கோடுகளுக்குள் வந்துவிட்டான், ஆனால் ஆறு வயதில் இருந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. அப்பா 168, அம்மா 154, அந்தக் கணக்கில் இவன் 167.5 செ.மீ. ஒட்டி வர வேண்டியவன். முழுதாக எட்டுவான் என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குச் சில செ.மீ. திரும்புவதில்லை.

இளைப்பு இப்போதும் உண்டு, வருடத்துக்கு ஓரிரு முறை. பஃப் அளவு பாதியாகிவிட்டது.

மாற வேண்டியவை

எந்தக் காரணத்துக்கு வந்தாலும் பிள்ளையின் உயரத்தை அளந்து எழுத வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. முகம் உப்புவது கண்ணில் படாத பிள்ளைக்கும் குருத்தெலும்பு நின்றிருக்கலாம், அதை நாடாவும் சுவரும் காட்டிவிடும். இந்தப் பையனின் எட்டாவது வயதுப் பதிவு பள்ளிக்கூட நோட்டில் அப்படியே இருந்தது. முந்தைய வருடத்து எண்ணோடு அதைச் சேர்த்துப் படிக்க ஆள் இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு, வருடத்துக்கு 4 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்த பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எடுத்துக் கொடுத்தாலே போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

"என்ன மருந்து சாப்பிடுறான்?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். கடை மாத்திரை நம் மக்களுக்கு மருந்துக் கணக்கில் சேராது. "பொட்டலத்தைக் கொண்டுவாங்க" என்று கேட்க வேண்டும், அதுவும் மாத்திரை கொடுக்கும் ஆளிடம்.

ஸ்டீராய்டு மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து. சட்டம் இருக்கிறது. ஆனால் பஃப் வாங்க ஒரு நாள் கூலி போய், பொட்டலம் சில ரூபாய்க்குக் கிடைக்கும்வரை சட்டம் மட்டும் வேலை செய்யாது. ஸ்பேசரும் பியூடெசோனைடும் கடற்கரை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எந்நேரமும் கையிருப்பில் இருக்க வேண்டும், இந்த ஒன்றை நான் போகிற கூட்டங்களில் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கடைக்காரரிடமும் நேரில் போய்ப் பேசினேன், வரைபடத்தைக் காட்டினேன். அவர் சிறு பிள்ளைகளுக்கு அந்த மாத்திரை கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார், கேட்டு வருகிறவர்களை இங்கே அனுப்புகிறார். அப்படி அனுப்பப்பட்டு வந்த பிள்ளைகளில் இன்னொருவனுக்கும் வளர்ச்சிக் கோடு வளைய ஆரம்பித்திருந்தது, மாத்திரை தொடங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

பையனுக்குக் கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஒன்பதரை, பருவமடையும் அறிகுறி இன்னும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், வருடத்துக்கு ஒருமுறை எலும்பு வயது, தட்டு மூடும்வரை பார்ப்பதாகத் திட்டம்.